கஃபே மரோன் செடி: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

மொரிஷியஸ் நாட்டுக்கு உட்பட்ட ரொட்ரிகஸ், அந்நாட்டின் முதன்மைத் தீவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில் தனித்து நிற்கும் எரிமலைத் தீவாகும். அதன் பரப்பளவு சுமார் 108 சதுர கிலோமீட்டர்; அதன் மிக உயர்ந்த முகடான மோன் லிமோன் 398 மீட்டர் உயரமே உடையது. இந்தச் சிறு நிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் தானாக முளைக்காத, வெண்ணிற விண்மீன் போன்ற பூக்களைத் தரும் புதர்ச்செடிக்குத் தீவு மக்கள் இட்ட பெயர் கஃபே மரோன். காட்டுக் காப்பி என்று அதைச் சொல்லலாம். 'மரோன்' என்ற சொல்லைக் காட்டில் கட்டின்றித் திரியும் எதற்கும் அங்கே வழங்குவர். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு மலையேறியவர்களையும் அதே சொல்லால்தான் குறித்தனர்.

அழிந்துபோனது என்று கணக்கில் எழுதப்பட்டு, 1980-ஐ ஒட்டிய காலத்தில் ஒரே ஒரு செடியாக மீண்டும் கண்டெடுக்கப்பட்டு, பின்னர் லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவில் பெருக்கப்பட்ட செடி இது. இதை வளர்ப்பதில் எழுந்த சிக்கல்களும் அவை தீர்ந்த விதமும் அறிகுறி வாரியாகக் கீழே தரப்பட்டுள்ளன. வெட்சி, நுணா, காப்பி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், அவற்றை வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்த வழிமுறையின் பெரும்பகுதி அன்னியமாகத் தோன்றாது. அறிகுறியைக் கண்டதும் மருந்துப் புட்டியைத் தேடக்கூடாது என்ற ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இச்செடியில் நோய் போலத் தெரிபவற்றில் பல நோயே அல்ல.

அறிகுறி: பெயர்ப்பலகையும் செடியும் பொருந்தவில்லை

முதலில் தீர்க்க வேண்டிய குழப்பம் இதுதான். தவறான செடிக்குச் செய்யும் சிகிச்சை, எவ்வளவு நுட்பமானதாயினும் வீணே. வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கும் காட்சியை அளக்க 1874-இல் ரொட்ரிகஸுக்கு வந்த பிரித்தானியக் குழுவில் ஐசக் பெய்லி பால்ஃபர் என்ற தாவரவியலாளர் இருந்தார். தீவின் செடிகளைத் திரட்டி விவரித்த அவர், இந்த வகைச் செடியை ராண்டியா என்ற பேரினத்தில் சேர்த்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1982-இல், மொரிஷியஸ் தாவரவியலாளர் திர்வெங்கடம் அதைத் தனியே பிரித்து, ராமோஸ்மேனியா என்ற புதிய பேரினத்தை நிறுவினார். காப்பிக் குடும்பத்தை ஆராய்வதில் தேர்ந்தவரான அவருடைய குடும்பப் பெயர், திருவேங்கடம் என்ற நம் பெயரின் பிரெஞ்சு வழி உருவம் என்பதைத் தமிழ் வாசகர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பேரினத்தில் இரண்டு இனங்கள் உள்ளன. ராமோஸ்மேனியா ஹெட்டரோஃபில்லா அழிந்துவிட்டது. இன்று உயிரோடிருப்பது ராமோஸ்மேனியா ரொட்ரிகேசியை. ஆனால் மீட்பின் தொடக்க ஆண்டுகளில் எழுதப்பட்ட குறிப்புகள் பலவற்றில், உயிரோடிருக்கும் செடிக்கே அழிந்த இனத்தின் பெயர் இடப்பட்டிருக்கும். ஆகவே பழைய குறிப்பையும் புதிய குறிப்பையும் ஒப்பிடும்போது பெயர் வேறாக இருப்பதைக் கொண்டு செடியும் வேறு என்று முடிவு கட்டிவிடலாகாது.

செடியை நேரில் சோதிப்பதற்கு ஒரு கைவில்லை போதும். தண்டில் இலைகள் எதிரெதிராக இணை சேர்ந்து நிற்க வேண்டும். அந்த இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே, தண்டை ஒட்டினாற்போல் நகக்கண் அளவில் ஒரு முக்கோணச் செதில் இருக்கும். வெட்சிக் கிளையைக் கையிலெடுத்து இரண்டு இலைகளுக்கிடையே விரலால் தடவினால் முள் போலத் தட்டுப்படுகிறதே, அதே உறுப்புதான். அந்தச் செதில் இல்லையென்றால் அது காப்பிக் குடும்பமே அல்ல; மேற்கொண்டு சோதிக்கத் தேவையில்லை.

அறிகுறி: இலைகள் குறுகி, நீண்டு, பழுப்பேறிக் காய்ந்தவை போலத் தெரிகின்றன

புதிதாகப் பொறுப்பேற்பவர்களை அதிகம் அலைக்கழிப்பது இந்த அறிகுறியே. விதையிலிருந்து வந்த நாற்றின் இலைகள் ஒரு சாண் நீளத்தையும் தாண்டி, விரற்கடை அகலம்கூட இல்லாமல், கரும்பழுப்பு நிறத்தில், நடுவில் மட்டும் செந்நிற நரம்பு ஓடத் தொங்கிக்கொண்டிருக்கும். இரும்புச்சத்துக் குறைவு, வேரழுகல், வைரஸ் தாக்குதல் என்று வரிசையாக ஐயம் எழுவது இயல்பே. ஆயினும் அது முழு நலத்துடன் உள்ள இளஞ்செடி.

இச்செடிக்கு இளமையில் ஒரு வகை இலையும் முதுமையில் வேறொரு வகை இலையும் உண்டு. செடி உயர்ந்த பின் வரும் இலைகள் அகன்று, பளபளப்பான பச்சை நிறத்தில், காப்பி இலையை நினைவூட்டும் வடிவத்தில் அமைகின்றன. ஒரே செடியில் கீழ்க்கிளையில் பழுப்பு நாடாவும் மேற்கிளையில் பச்சை இலையுமாக இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள், இரண்டு செடிகள் பின்னிக்கொண்டனவோ என்று நினைப்பதும் உண்டு. மொரிஷியஸ், ரொட்ரிகஸ், ரியூனியன் ஆகிய தீவுகளின் சொந்தச் செடிகள் பலவற்றில் இந்த இருவகை இலைப் பண்பைக் காணலாம். அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் எனக்குப் பொருத்தமாகப் படுவது ஆமைக் காரணம். ரொட்ரிகஸில் ஒரு காலத்தில் இராட்சத நில ஆமைகள் எண்ணிலடங்காமல் இருந்தன. 1691-இல் அங்கே குடியேறிய பிரான்சுவா லெகா என்ற பிரெஞ்சுக்காரர், தரையில் கால் வைக்காமல் ஆமை ஓடுகளின் மேலேயே நெடுந்தூரம் நடந்துவிடலாம் என்ற அளவுக்கு அவற்றின் நெருக்கத்தை எழுதிவைத்தார். அந்த ஆமைகளின் கழுத்து எட்டும் உயரத்தில் இலைகள் சருகு போலத் தோன்றினால் செடி தப்பித்துக்கொள்ளும். அந்த உயரத்தைத் தாண்டிய பின் மறைந்துகொள்ளத் தேவையில்லை. ஆமைகள் இறைச்சிக்காகக் கப்பல் கப்பலாக ஏற்றப்பட்டு அழிந்தன. செடி மட்டும் இன்னமும் அவற்றுக்கு அஞ்சி வேடம் போட்டுக்கொண்டிருக்கிறது.

எனவே இங்கே செய்ய வேண்டியது எதுவும் இல்லை. உரத்தைக் கூட்ட வேண்டாம். பழுப்பு இலைகளைக் கத்தரிக்கவும் வேண்டாம். உண்மையான வாட்டத்தையும் இயல்பான பழுப்பையும் பிரித்தறிய இலையை மடித்துப் பார்க்கலாம். நலமான இளம் இலை விறைப்பாக நின்று மடிப்பை எதிர்க்கும். வாடிய இலை துணி போலத் துவளும். முதிர்ந்த செடியின் பச்சை இலையில் மஞ்சள் ஓடினால் மட்டுமே வேரையும் மண்ணையும் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: வெட்டி நட்ட போத்துகள் வேர்பிடிக்கவில்லை

1986-இல் தீவிலிருந்த ஒற்றைச் செடியிலிருந்து சில போத்துகள் வெட்டப்பட்டு, காலம் தாழ்ந்தால் காய்ந்துவிடும் என்பதால் மறுநாளே கியூவை அடையுமாறு விமானம் மாற்றி விமானமாக அனுப்பப்பட்டன. அவற்றுள் ஒன்றே வேர்பிடித்தது. உலகெங்கும் பசுமைக்குடில்களில் பின்னர் வளர்ந்த செடிகளின் தொடக்கம் அந்த ஒரு போத்துதான். ஆகவே போத்துகள் தவறுவது உங்கள் கைக்குறை மட்டுமே என்று எண்ணி மனம் தளர வேண்டியதில்லை.

போத்து கருகும் விதத்தைக் கவனித்தால் பிழை எங்கே என்று தெரிந்துவிடும். நுனி முதலில் வாடி, அடிப்பகுதி பச்சையாகவே இருந்தால் காற்றில் ஈரம் போதவில்லை என்று பொருள். போத்தைப் பனித்தூவல் அறைக்கு மாற்றி, அது முடியாவிட்டால் கண்ணாடி அல்லது பாலித்தீன் உறையால் மூடி, அகன்ற இலைகளைப் பாதியாகக் கத்தரித்துவிட வேண்டும். அடி முதலில் கறுத்து, அந்தக் கறுப்பு மேலேறினால் ஊடகத்தில், அதாவது போத்தை நட்ட கலவையில், நீர் தேங்குகிறது. மணலையோ பெர்லைட்டையோ தாராளமாகக் கலந்து, புதிய வெட்டுடன் மறுபடி நட வேண்டும். வாரக்கணக்கில் வாடவும் இல்லை, வேர்விடவும் இல்லை என்ற மூன்றாவது நிலையில், காற்று வெதுவெதுப்பாக இருந்தும் ஊடகத்தின் அடி குளிர்ந்து கிடக்கிறதா என்று வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். குளிர்நாட்டுக் குடில்களில் பெரும்பாலும் இதுதான் குறை. அடிவெப்பம் கொடுத்தாலே போதுமானது. முற்றிய கட்டையையும் மிக இளம் குருத்தையும் விடுத்து, பாதி முற்றிய தண்டைத் தேர்ந்து, அடிவெட்டில் வேர்விடத் தூண்டும் இண்டோல் பியூட்ரிக் அமிலத் தூளைத் தொட்டு நடுவது பொதுவான முறை.

போத்து பிடித்துவிட்டால் செடியின் எண்ணிக்கை பெருகும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிப் பெருகிய நூறு செடியும் மரபணு அளவில் ஒரே செடி. அதனால்தான் அடுத்து வரும் அறிகுறி, இதுவரை சொன்னவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது.

அறிகுறி: ஆண்டு முழுதும் பூக்கிறது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை

கியூவில் இச்செடி செழிப்பாக வளர்ந்தது, பூத்தது, பூக்கள் உதிர்ந்தன. கிட்டத்தட்டப் பதினேழு ஆண்டுகள் இதுவே நிலை. செடி மலடு என்ற முடிவுக்கு எவரும் எளிதில் வந்துவிடக்கூடிய இடம் இது. அந்த முடிவு தவறாக இருந்ததால், பிழையைத் தேடும் வரிசையை இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

பூவைக் கீழிருந்து மேலாகச் சோதிக்க வேண்டும். காப்பிக் குடும்பத்தில் சூலகம் இதழ்களுக்குக் கீழே, காம்பின் தலைப்பில் சிறு புடைப்பாக அமைந்திருக்கும். கூரிய பிளேடால் அதை நெடுக்காகப் பிளந்து கைவில்லையில் பார்த்தால், உள்ளே பின்னர் விதையாக வேண்டிய சூல்கள் வெண்மணிகளாக இருக்கின்றனவா என்பது தெரியும். இல்லையென்றால் பிழை அங்கேயே முடிந்தது. வேறு எதைச் செய்தும் பயனில்லை. சூல்கள் இருந்தால் மகரந்தத்தைச் சோதிக்க வேண்டும். பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் போரிக் அமிலம் ஒரு துளி அளவு சேர்த்து, கண்ணாடித் தகட்டில் விட்டு, புதிதாக விரிந்த பூவின் மகரந்தத்தை அதில் உதிர்த்து, சில மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தால், உயிருள்ள மகரந்தத் துகள்களிலிருந்து வால் போலக் குழல் நீண்டிருப்பதைக் காணலாம்.

சூலும் சரி, மகரந்தமும் சரி, ஆனால் காய் மட்டும் இல்லை என்றால், தடை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. மகரந்தம் வந்து விழ வேண்டிய சூல்முடிதான் முதற்சந்தேகத்துக்கு உரியது. பல செடிகள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காமல் சூல்முடியிலேயே தடுத்துவிடும் இயல்புடையவை. கூட்டமாக வாழும் காலத்தில் அது நல்ல காவல். உலகில் மிஞ்சியது ஒரே செடி என்றான பின், அந்தக் காவலே பகையாகிவிடுகிறது.

கியூவின் தோட்டக்கலை வல்லுநர் கார்லோஸ் மக்டலேனா கையாண்ட வழி, கேட்கும்போது முரட்டுத்தனமாகத் தோன்றும். பூவின் சூல்முடியைப் பிளேடால் வெட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய சூல்தண்டின் பச்சை வெட்டுவாயிலேயே மகரந்தத்தை வைத்தார். லில்லியில் கலப்பினம் செய்பவர்கள் சூல்தண்டை வெட்டிச் செய்யும் முறையும் இவ்வகையே. வாசற்காவலர் உள்ளே விடவில்லையென்றால் வாசலையே பெயர்த்தெடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உள்ளன. முதல்நாள் விரிந்த பூவையே எடுக்க வேண்டும். ஒரு பக்க இதழைக் கிள்ளி, உள்ளே தண்டு தெரியும்படி வழி செய்துகொள்ள வேண்டும். வெட்டு ஒரே இழுப்பில் விழ வேண்டும். கத்தரிக்கோல் தண்டை நசுக்கிவிடும் என்பதால் புதிய பிளேடுதான் சரி. வெட்டுவாய் காய்வதற்குள் மகரந்தத்தை வைத்துவிட வேண்டுமாகையால், அதை முன்னதாகவே தூரிகை நுனியில் எடுத்து வைத்திருப்பது நல்லது. செய்த பூவுக்கு நூல்கட்டித் தேதி எழுதாவிட்டால், ஒரு மாதம் கழித்து எந்தப் பூவில் என்ன செய்தோம் என்பது எவருக்கும் நினைவிருக்காது.

இதைச் செய்தும் பூ உதிரத்தான் செய்தது; ஒரு முறையல்ல, பல முறை. இங்கேதான் பெரும்பாலோர் கைவிட்டுவிடுவர். மக்டலேனா கைவிடாமல் தொடர்ந்ததில் 2003-இல் முதற்காய் பிடித்தது. அதன் பிறகு செடிகள் நிற்கும் இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தபோது, வெட்டோடு வேறொன்றும் சேர வேண்டும் என்பது தெளிவாயிற்று. அது வெயிலும் வெப்பமும். குடிலின் வெப்பம் மிகுந்த, வெளிச்சம் மிகுந்த மூலையில் நின்ற செடிகளே காய்த்தன.

யோசித்தால் இதில் வியப்பில்லை. ரொட்ரிகஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிகக் குறுகிய பகலிலும் அங்கே சுமார் 11 மணி நேரம் வெளிச்சம் உண்டு. கியூவிலோ டிசம்பர் பகல் சுமார் 8 மணி நேரமே. இலைவிடவும் பூக்கவும் அந்த மங்கல் வெளிச்சம் செடிக்குப் போதுமானதாக இருந்தது, காய்க்கத்தான் போதவில்லை. பூக்கிறதே, ஆகவே இடம் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்ததுதான் அத்தனை ஆண்டுகளின் அடிப்படைப் பிழை என்பது என் கருத்து. பூ வருவது செடி பிழைத்திருப்பதைத்தான் காட்டும். அந்த இடத்தில் அது நிறைவாக இருப்பதைக் காட்டாது.

ஆகவே இந்த அறிகுறிக்கான வரிசை இதுதான்: முதலில் செடியைக் குடிலிலேயே வெப்பமும் வெளிச்சமும் மிகுந்த இடத்துக்கு மாற்றிச் சில மாதங்கள் பழக விடுங்கள். அதன்பின் புதிய பூக்களில் சாதாரணமாக மகரந்தம் தடவிப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் பிளேடை எடுங்கள்.

அறிகுறி: காய் பிடித்தது, ஆனால் விதை சிலவே, முளைத்தவையும் ஒன்றுபோல் இல்லை

விதை குறைவாக இருப்பது தொடக்கத்தில் எதிர்பார்க்க வேண்டியதே. ஒரே செடியின் நகல்களுக்குள் நடக்கும் சேர்க்கை, எத்தனை தொட்டிகளில் நடந்தாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான். காய் பழுக்கும் வரை பறிக்காமல் காத்திருந்து, வலைத்துணியைத் தளர்வாகக் கட்டி உதிர்வதைத் தடுத்து, சதையை முழுதும் கழுவி நீக்கி விதைக்க வேண்டும். காப்பி விதையைப் போலவே இதையும் உலர்த்திப் புட்டியில் அடைத்து வைக்க முனையாமல் உடனே விதைப்பதையே நான் பரிந்துரைப்பேன்; கையில் ஐந்தாறு விதை மட்டுமே இருக்கும்போது சேமிப்புச் சோதனைக்கு இடமில்லை.

நாற்றுகள் ஒன்றுபோல் இல்லாதது குறையன்று, நற்செய்தி. நகல்களில் ஒன்றைப் போலவே மற்றது இருக்கும். விதைநாற்றுகளிலோ மரபுக்கூறுகள் கலைந்து வேறு வேறாகச் சேர்ந்திருக்கும். அவை பூத்ததும் நாற்றுக்கும் நாற்றுக்கும் இடையே சேர்க்கை செய்யலாம். அதற்கு எந்த நாற்று எந்தக் காயிலிருந்து வந்தது என்ற பதிவு தவறாமல் இருக்க வேண்டும். வளர்ச்சி மந்தமான நாற்றைப் பிடுங்கி எறியும் நாற்றங்கால் பழக்கத்தை இச்செடியிடம் காட்டக்கூடாது.

அறிகுறி: இலையடியில் வெள்ளைப் பஞ்சு, இலைமேல் கரும்புகை போன்ற படலம்

இது மாவுப்பூச்சி, கரும்படலம் அது கழிக்கும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சை. மேலே சொன்ன முக்கோணச் செதிலின் மறைவில்தான் பூச்சி முதலில் குடியேறும் என்பதால், வாரம் ஒருமுறை அங்கே பாருங்கள். சாராயத்தில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுத்து, எறும்பு ஏறாமல் தொட்டியை நீர்த்தட்டில் வைத்தாலே தொடக்க நிலையில் அடங்கிவிடும்.

அறிகுறி: வெளியில் நட்ட செடி முறிந்தோ, காணாமலோ போகிறது

நாற்றுகளும் விதைகளும் கியூவிலிருந்து ரொட்ரிகஸுக்குத் திரும்பிவிட்டன. ஆகவே தீவிலேயே நடுவோருக்கான அறிகுறி இது. முறிவு இருக்கும் இடத்தைப் பார்த்தால் யார் செய்தது என்பது தெரியும். குருத்துகள் ஒரே மட்டத்தில் கடித்தெடுக்கப்பட்டு, பட்டையும் உரிந்திருந்தால் ஆடு. கிளை கத்தியால் வெட்டப்பட்டோ கையால் ஒடிக்கப்பட்டோ இருந்தால் மனிதர். இரண்டாவதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆசிரியர் ஒருவர் தம் மாணவர்களிடம் அரிய செடிகளைத் தேடி வரச் சொன்னபோது, சிறுவன் ஒருவன் ஒடித்து வந்த கிளையால்தான் அந்தக் கடைசிச் செடி அடையாளம் காணப்பட்டது. செய்தி பரவியதும், குடிமயக்கத்துக்கும் பாலியல் நோய்க்கும் இது மருந்து என்ற பழைய நம்பிக்கையோடு மக்கள் கிளைகளை ஒடிக்கத் தொடங்கினர். வேலி போடப்பட்டது. வேலியைத் தாண்டியும் ஒடித்தனர். மேலும் வேலிகள் போடப்பட்டு, இறுதியில் காவலும் வைக்க நேர்ந்தது.

உயரமான வேலி, உள்ளே விலைமதிப்பற்ற ஏதோ இருக்கிறது என்று அறிவிக்கவும் செய்யும் என்பதை இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். ஆட்டுக்கு வேலி தேவை, அதில் ஐயமில்லை. மனிதரைப் பொறுத்தவரை, ஒரே செடியைப் பலமாகக் காப்பதைவிடப் பல இடங்களில் பல செடிகளை நடுவதே பயன் தரும் என்பது என் கணிப்பு. நூறு செடி இருக்கும் ஊரில் ஒரு கிளை போனால் செடி அழிந்துவிடாது.

முறிவே இல்லாமல் செடி மெலிந்து போனால், சுற்றிலும் பாருங்கள். ஜம்பு நாவல், உண்ணிச்செடி போன்ற வெளியிலிருந்து வந்த செடிகள் ரொட்ரிகஸின் காட்டை மூடிவிட்டன; அவற்றின் நிழலில் நடப்பட்ட கஃபே மரோன், கியூவின் குளிர்கால மங்கலில் நின்ற செடியைப் போலவே இலையோடு நின்றுவிடும். மொரிஷியஸ் வனவிலங்கு அறக்கட்டளை கிராந்த் மோந்தாஞ் காப்பகத்தில் முதலில் அயற்செடிகளைக் களைந்து, பின்னரே சொந்தச் செடிகளை நட்டு வருவது இதனால்தான். களையெடுப்பை ஒரு முறையோடு நிறுத்தினால் வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆகவே நட்ட குழியைச் சுற்றிக் குறைந்தது மூன்று நான்கு ஆண்டுகள், மழைக்குப் பின் ஒவ்வொரு முறையும் கை படாமல் விடக்கூடாது. சூறாவளிப் பருவமான நவம்பர் முதல் ஏப்ரல் வரையில் புதிதாக நடப்பட்ட உயரமான செடிக்கு முட்டுக்கோல் கொடுங்கள். கட்டும் கயிறு தண்டை அறுக்காமல் இருக்க, எட்டு வடிவில் தளர்வாகக் கட்ட வேண்டும்.